சரிவாக ஓட்டிய வயர்

போன மாதம் ஒரு காலையில், நான் முன்பு வேலை செய்த மின்வேலைக் கம்பனியிலிருந்து நிலானி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்த பிள்ளை. ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள்.

"யோசப் அங்கிள், பாத்ரூமுக்கு எக்சோஸ்ட் ஃபான் போட்ட வீடு ஒண்டில ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுந்து கரண்ட் நிக்குதாம். சுவிச் பழுதாப் போச்சு எண்டு நினைக்கிறன். புதுசு ஒண்டு மாத்திவிடட்டோ?"

"மாத்தாதை. ஏன் விழுகுது எண்டு முதல் போய்ப் பார். போய்ப் பாக்கும் மட்டும் அந்தப் பாத்ரூமுக்குள்ள ஒருத்தரையும் குளிக்க விடாதை."

நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துவிட்டாள். ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள், எங்கள் எல்லோருக்கும் உதவும் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் விடத்தல்தீவில் பிறந்தவன். அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போனார்கள். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி. மன்னார் டவுனில் ஒரு வயர்மனிடம் மூன்று வருடம் இருந்து வேலை பழகினேன். கையில் தொழில் வந்த நேரம் ஊரில் மின்சாரம் நின்றுவிட்டது. பல வருடங்கள் நான் மின்சாரம் இல்லாத மாவட்டத்தில் மின்வேலைக்காரனாக இருந்தேன். மடுவில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் தண்ணீர்ப் பம்பும் சைக்கிளும் திருத்திப் பிழைத்தேன். கோவில் பெருநாளுக்கு ஜெனரேட்டரில் நாலு பல்பு எரியவைத்தால் அதுதான் அந்த வருடத்து மின்வேலை.

சண்டை ஓய்ந்து சனம் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கியபோது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. அப்போதுதான் உண்மையான வேலை வந்தது. முன்பு எங்கள் பக்கத்தில் குளிப்பது கிணற்றடியில், கக்கூசு வளவின் கடைசி மூலையில். புது வீடுகளிலோ எல்லாமே வீட்டுக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் படம் அனுப்புவார்கள். அதைப் பார்த்து மேசன் கட்டுவார். சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வருகிற இடத்தில் குளியலறை யன்னலைத் திறந்துவைக்க முடியாது. பூட்டி வைத்தால் ஈரம் காயாமல் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் எக்சோஸ்ட் ஃபான் கேட்டார்கள்.

அதைப் பூட்டுவது சின்ன வேலை என்றே எல்லோரும் நினைத்தார்கள். விடத்தல்தீவில் ஒருவர் படுக்கையறையிலிருந்து நீட்டு வயர் ஒன்றை இழுத்து, அதன் முனையைக் குளியலறை ஆணியில் தொங்கவிட்டு, அதிலே ஃபானின் பிளக்கைச் செருகியிருந்தார். அதற்கு நேர் கீழே குளிக்கிற சவர். நான் போய் மெயினை நிற்பாட்டிவிட்டு அந்த வயரைக் கழற்றிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். இன்னொரு வீட்டில் பியூஸ் எரிந்துபோன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து வைத்திருந்தார்கள். "நல்லாத்தானே ஓடுது" என்றார் வீட்டுக்காரர்.

சரியான முறை இதுதான். மெயின் பெட்டியிலிருந்து வருகிற வயர் முதலில் குளியலறைக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத சுவரில் உள்ள ஒரு சிறிய பெட்டிக்கு வரவேண்டும். அந்தப் பெட்டிக்குள் மூன்று அம்பியர் பியூஸ். பதின்மூன்று அல்ல, மூன்று. ஃபான் இழுப்பது ஒரு சின்ன பல்பு இழுக்கிற அளவு மின்சாரம்தான். உப்புக் காற்றில் துருப்பிடித்து அதன் மோட்டர் இறுகிவிட்டால் சூடேறும். பெரிய பியூஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்; சின்னது எரிந்து வயரைக் காப்பாற்றும். பியூஸுக்குப் பக்கத்தில் ஒரு சுவிச். அது இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். ஒன்றை மட்டும் துண்டிக்கிற சுவிச்சில் வயர் மாறிவிட்டால், நிற்பாட்டிய ஃபானிலும் மின்சாரம் இருக்கும். துடைக்கப் போனவர் மாட்டுவார். அங்கிருந்து வயர் ஃபானுக்குப் போகவேண்டும். பெட்டியிலிருந்து நேராக மேலே, பிறகு நேராகப் பக்கவாட்டில். ஃபானுக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுக் கீழே வளைத்துவிட்டால் நீராவி படிந்த தண்ணீர் வழிந்து உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டும்.

இதில் ஒன்றை நான் ஒருமுறை மீறினேன்.

அது வெளியே வந்த காலத்தில் எங்களுக்கு மேற்பார்வை செய்ய சபீனா மிஸ் வந்திருந்தார். ஊர் முசலிப் பக்கம். குடும்பம் புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வயது முப்பது இருக்காது. என் மூத்த மகளைவிட இரண்டு வயது இளமை. முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கமாட்டேன்.

அவர் கத்தமாட்டார். ஒரு வயரைத் தொடுவதற்கு முன் கையில் உள்ள சோதனைக் கருவியை மின்சாரம் உள்ளது என்று தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பார், கருவி வேலை செய்கிறதா என்று. பிறகு தொடப்போகிற வயரில் வைப்பார். அது செத்துக் கிடக்கிறது என்று காட்டினாலும் தொடமாட்டார். திரும்பவும் முதல் இடத்துக்குப் போய் வைத்துப் பார்ப்பார், இடையில் கருவி பழுதாகிவிடவில்லையே என்று. மூன்று தரம். நாங்கள் வெயிலில் காத்துக்கொண்டு நிற்போம். அவர் அவசரப்பட்டதை நான் ஒருநாளும் காணவில்லை.

இன்னொரு பழக்கம், எதைச் சொன்னாலும் "பிறகு?" என்பார். "மெயினை நிப்பாட்டினன் மிஸ்." "பிறகு?" "பூட்டு ஒண்டு போட்டன், வேற ஆக்கள் போடாம." "பிறகு?" மூன்றாவது "பிறகு"வில் செய்யாமல் விட்டது தானாக வாயில் வந்துவிடும்.

அவர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே நான் தோட்டவெளியில் பெற்றிக் அண்ணை வீட்டுக்கு வயரிங் செய்திருந்தேன். பெற்றிக் அண்ணை பஸ் சாரதி. பெரிய குரல், கடைசி ஆசனத்தில் தூங்குகிறவனையும் இறங்கும் இடத்தில் கூப்பிட்டு எழுப்பிவிடுவார். மனைவி திரேசக்கா. இருவரும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். குளியலறைச் சுவரின் வெளிப்பக்கத்தில் பெட்டி, கதவோரமாக, நெஞ்சு உயரத்தில். ஃபான் அதே சுவரின் எதிர் மூலையில், கூரைக்குக் கீழே. நேராக மேலே போய்ப் பக்கவாட்டில் வரவேண்டும் என்றால் சுவரின் மேலே ஓடுகிற கொங்கிறீற் வளையைக் கொத்தவேண்டும். அன்று பகல் மடுத் திருவிழாவுக்குப் பஸ் புறப்படுகிறது. வீட்டில் எல்லோரும் வெளிக்கிட்டு நிற்கிறார்கள். டைல் ஒட்டுகிறவர்கள் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். நான் பெட்டியிலிருந்து ஃபானுக்கு, சுவரின் உட்பக்கத்தில் சரிவாக ஒரு கோடு கொத்தி, வயரைப் புதைத்து, பூசிவிட்டேன். மேலே டைல் ஏறியது. பியூஸ் சரி, சுவிச் சரி, பூமிக் கம்பி சரி. வயர் ஓடிய வழி மட்டும் சுவருக்குள் எனக்குத்தான் தெரியும். ஒரு கிழமையில் நானும் மறந்துவிட்டேன்.

பிறகு பெற்றிக் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. வலப் பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "ஓமோம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் ஓமோம், வேண்டாமென்றாலும் ஓமோம். திரேசக்கா அவரைக் குளியலறையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திக் குளிக்க வார்ப்பார். இடக் கையால் பிடித்துக்கொண்டு இருக்க, சுவரில் நெடுக்காக ஓர் இரும்புக் கைபிடி பூட்டுவித்தார்.

அதற்குச் சில நாள் பின்னர் திரேசக்கா எங்கள் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்துப் பேசியது நான்தான்.

"யோசப் தம்பி, ட்ரிப் ஒரே விழுகுது. அதுவும் குளிக்க வார்க்கிற நேரம் பாத்து."

"அது ஈரக் காலமக்கா. ட்ரிப் சுவிச்சும் உப்புப் பிடிச்சிருக்கும். வந்து மாத்திவிடுறன்."

போகவில்லை. பேசாலையில் பெரிய வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. திரேசக்காவும் திரும்ப எடுக்கவில்லை. தானாகச் சரிவந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது திரேசக்காவைக் கண்டேன். மெலிந்துபோயிருந்தார். அண்ணை எப்படி என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல தம்பி. தண்ணிக்குப் பயப்பிடத் தொடங்கிட்டார். குளிக்க இருத்தினா ஓமோம், ஓமோம் எண்டு கத்திக் குழறுறார். விழப்போறார் எண்டு நான் கையைப் பிடிச்சு அந்தக் கம்பியில வச்சா, என்னை அடிக்க வாறார். ஒரு நாளும் எனக்குக் கை ஓங்காத மனுசன். இந்த வருத்தத்துக்கு மூளையும் மாறும் எண்டு டொக்டர் சொல்லுறார்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் போகத் திரும்பினார். திரும்பியபடியே சொன்னார்:

"கரண்ட் இல்லாத நாளில மட்டும் குழந்தைப் பிள்ளை மாதிரி இருப்பார். லைற் வெளிச்சம் கண்ணைக் குத்துதாக்கும்."

 அந்தச் சுவர், அந்தச் சரிவுக் கோடு, மடு பஸ், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"அக்கா, அந்தக் கம்பி எந்தச் சுவரில?"

"கதவுப் பக்கச் சுவர்தான். மேசனும் வயர் எங்கால போகுது எண்டு கேட்டவர். பெட்டிக்கு நேர மேல தொடக்கூடாது எண்டு சொல்லி, கொஞ்சம் விலத்தித்தான் துளைச்சவர்."

மேசன் செய்தது சரி. பெட்டியைப் பார்க்கிற எவரும் வயர் நேராக மேலே போகும் என்றுதான் நினைப்பார்கள். அதற்காகத்தான் அந்த விதியே.

"ட்ரிப் இப்ப விழுகிறேல்லையோ?"

"என்ர அக்காவின்ர மகன் வந்து, அதைத் தாண்டி வயரைக் கொழுவிவிட்டவன். நீங்கள் வரும் மட்டும் எண்டு சொல்லி."

நான் வரும் மட்டும். மூன்று மாதம். ஓர் ஆளுக்கு ஷொக் அடித்தால் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரே காவல் அந்த ட்ரிப் சுவிச். அது ஒவ்வொரு தரமும் விழுந்து விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. நான் அதற்கு உப்புப் பிடித்துவிட்டது என்றேன்.

திரேசக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே தோட்டவெளிக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய் மெயினை நிற்பாட்டினேன். பெற்றிக் அண்ணை விறாந்தையில் கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்து "ஓமோம்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சபீனா மிஸ்ஸுக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு சொல் சொல்லவில்லை. "நான் வாற வரைக்கும் ஒண்டையும் கழட்டாதீங்க அண்ணன்" என்றார்.

அவர் வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. அந்த ஒரு மணித்தியாலத்தில் என் மனதில் என்னவெல்லாம் ஓடியது என்பதையும் எழுதிவிட வேண்டும். துளைத்தது மேசன். ட்ரிப்பைத் தாண்டிக் கொழுவியது அக்காவின் மகன். மூன்று அம்பியர் பியூஸ் நான் போட்டபடியே இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் என்மேல் ஒரு சொல் விழாது.

மிஸ் வந்தார். எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். ரப்பர் கையுறை போட்டு, ரப்பர் விரிப்பில் நின்று, குளிக்கிற நேரத்தில் நனைவதுபோலச் சுவரையும் நிலத்தையும் நனைத்தார். மெயினைப் போட்டு, ஃபானைப் போட்டு, கருவியின் ஒரு முனையைக் கைபிடியிலும் மற்றதை ஈர நிலத்திலும் வைத்தார். அறுபது வோல்ற்றைத் தாண்டிக் காட்டியது. ஃபானை நிற்பாட்டினார், பூச்சியம். போட்டார், அறுபது. அவர் முகம் வெளிறியது. ஆனாலும் மெயினை நிற்பாட்டிய பிறகு அதே மூன்று சோதனை, அதே பொறுமை. கைபிடியைக் கழற்றினார். மேல் திருகாணியின் நுனியில் செம்பு பட்ட கீறல் ஒன்று மினுங்கியது. திருகாணி வயரின் தோலைக் கிழித்து, உள்ளிருந்த கம்பியை முழுதாகத் தொடாமல் உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. சுவர் நனையும்போது ஈரம் மிச்சத்தைச் செய்திருக்கிறது. இன்னும் ஒரு நூல் உள்ளே போயிருந்தால் பெற்றிக் அண்ணை முதல் நாளே முடிந்திருப்பார்.

"பியூஸ் மூண்டு அம்பியர்தானே மிஸ்? ஏன் போகேல்லை?" என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"பியூஸ் வயரைக் காப்பாத்தும் அண்ணன். ஆளைக் காப்பாத்தாது. ஓர் ஆளைக் கொல்லுற கரண்ட் இந்தப் பியூஸைச் சூடாக்கக்கூடக் காணாது." பென்சிலை நீட்டினார். "வயர் எப்படிப் போகுது எண்டு கீறிக் காட்டுங்க."

நான் டைலின் மேல், பெட்டி இருக்கும் இடத்திலிருந்து மூலை வரை ஒரு சரிவுக் கோடு கீறினேன். அது கைபிடியின் மேல் துளை வழியாகப் போனது.

"பிறகு?" என்றார்.

சொல்லிவிட்டேன். திரேசக்கா வாசலில் நிற்கத்தான் சொன்னேன். மடு பஸ்ஸையும் சொன்னேன், தொலைபேசியில் நான் சொன்ன உப்புக் கதையையும் சொன்னேன்.

திரேசக்கா என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் கால்களைப் பார்த்தார். வழுக்காமல் இருக்க எப்போதும் போடும் ரப்பர் செருப்பு.

"எனக்கு ஒரு நாளும் அடிக்கேல்லை," என்றார் மெதுவாக. "நான்தானே அவற்ற கையைப் பிடிச்சு அதில வச்சனான். ஒவ்வொரு நாளும் நான்தானே வச்சனான்."

விறாந்தைக்கு ஓடி, கதிரையில் இருந்தவரின் மடியில் முகத்தை வைத்துக் குழறி அழுதார். பெற்றிக் அண்ணை இடக் கையை அவர் தலையில் வைத்து, அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மிஸ் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மிஸ் என்னைத் தண்டிக்கவில்லை. அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். "வயர் சரிவாக ஓட்டப்பட்டிருந்தது. ஓட்டியவர் நான்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு நான் குளியலறை வயரிங் செய்த வீடுகள் எல்லாவற்றுக்கும் திரும்பப் போய், சுவருக்குள் வயர் போகும் வழியைச் சரிபார்த்தோம். வேறெங்கும் சரிவுக் கோடு இல்லை. கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது மிஸ் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் சிலுவை அடையாளம் போட்டேன். அன்று மத்தியானம்தான் பல நாளுக்குப் பிறகு சோறு ருசித்தது. ஓய்வு பெறும் வரை நான் பூட்டிய ஒவ்வொரு ட்ரிப் சுவிச்சிலும் சோதனைப் பொத்தானை வீட்டுக்காரரைக் கொண்டே அழுத்திக் காட்டுவித்தேன். அது விழுந்தால்தான் அது வேலை செய்கிறது.

பெற்றிக் அண்ணை வீட்டில் பழைய வயரை முழுதாகத் துண்டித்து விட்டோம். புது வயரைக் குழாய்க்குள் போட்டு, சுவருக்கு வெளியே எல்லோர் கண்ணுக்கும் தெரிய நேராக மேலேயும் நேராகப் பக்கவாட்டிலும் கொண்டுபோனேன். புது ட்ரிப் சுவிச் பூட்டினோம். சுவர் காய மூன்று நாள் விட்டு, கைபிடியைத் திரும்பப் பூட்டி, நனைத்து, மிஸ் எல்லாவற்றையும் அளந்தார். பூச்சியம். ஃபான் ஓடும்போதும் பூச்சியம்.

பெற்றிக் அண்ணையைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினோம். அவர் கண் கம்பியிலேயே நின்றது. இடக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டார். திரேசக்கா அந்தக் கையைத் தொடவில்லை. இனி ஒரு நாளும் தான் பிடித்து வைக்கமாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் செருப்பைக் கழற்றினேன். மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கருவியை இன்னொரு தரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று, ஃபான் மேலே ஓடிக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன். 

பெற்றிக் அண்ணை என் முகத்தைப் பார்த்தார், நெடுநேரம். பிறகு இடக் கையை நீட்டினார். கம்பியை அல்ல, என் கையைப் பிடித்தார். பஸ் ஸ்ரேறிங் பிடித்த கை. இன்னும் பலம் இருந்தது. நான் மெல்ல என் கையைக் கீழாக உருவி எடுத்தேன். அவர் கை கம்பியில் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.

திரேசக்கா வாளியிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் மொண்டு அவர் தோளில் ஊற்றினார். அவர் கத்தவில்லை. இன்னொரு கோப்பை. கண்ணை மூடிக்கொண்டார். நானும் மிஸ்ஸும் அந்தச் சின்னக் குளியலறையில் போக மனமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு பேரும் ஆவெண்டு பாத்துக்கொண்டு நிக்காம வெளிய போங்கோவன்," என்றார் திரேசக்கா, சிரிப்பும் அழுகையுமாக. "போகேக்க அந்த ஃபானை நிப்பாட்டிவிடுங்கோ. மனுசனுக்குக் குளிருது."

வெளியே வந்து சுவிச்சை அழுத்தினேன். ஃபான் மெதுவாகி நின்றது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.